காது மிஷின் எப்படி இருக்குதுங்க?

(பழைய மாணவர் சங்க மறுகூடல் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உன் வேலையைப் பற்றி இருபது நிமிஷம் பேசுப்பா" என்று செயலாளர் போனில் சொன்னார். நான் இங்கே எலெக்ட்ரானிக்ஸ் படித்து 2011-இல் வெளியே போனவன். பத்து வருஷமாகக் காதுக்கருவித் துறையில் மென்பொருள் எழுதுகிறேன். சிக்னல் பிராசஸிங், இரைச்சலை வடிகட்டுவது, செயற்கை நுண்ணறிவு என்று ஏதாவது பேசுவேன் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்கலாம். மன்னிக்க வேண்டும். நான் பேசப் போவது ஒரு தாளைப் பற்றி. கருவி வாங்கியவரிடம், "எப்படி இருக்கிறது?" என்று கேட்கிறோமே, அந்தக் கேள்வித்தாளைப் பற்றி.

நம் வகுப்பறையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். ஃபோரியர் டிரான்ஸ்ஃபார்ம் நடத்தி முடித்துவிட்டு சார் திரும்பிப் பார்த்து, "புரிஞ்சுதா?" என்பார். அறுபது பேரும் ஒரே குரலில், "புரிஞ்சுது சார்" என்போம். எத்தனை பேருக்குப் புரிந்தது என்பது இன்டர்னல் டெஸ்ட் பேப்பரில் தெரியும். நாங்கள் பொய் சொன்னோமா? முழுப் பொய் என்று சொல்ல முடியாது. கேட்டவர் மேல் மரியாதை. இன்டர்னல் மார்க் அவர் கையில். மணி அடிக்க இரண்டு நிமிஷம்தான் இருந்தது. இந்த மூன்றும் சேர்ந்து சொன்ன பதில் அது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய பேச்சு முழுக்க இதுதான்.

நான் செய்த தாள்

2015-இல் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். காதுக்கருவி பொருத்தும் மையங்களுக்கு மென்பொருள் செய்து கொடுத்தோம். "வாடிக்கையாளர் திருப்தியைக் கணக்கிட ஒரு படிவம் செய்" என்றார்கள். நான் இரண்டே நாளில் செய்தேன். நான்கு கேள்விகள். சேவை எப்படி, கருவி எப்படி, விலை எப்படி, மற்றவர்களுக்குச் சொல்வீர்களா. ஒவ்வொன்றுக்கும் ஐந்து கட்டம். கருவியைப் பொருத்தி முடித்ததும், பொருத்தியவரே அந்தப் படிவத்தை நீட்டுவார். வந்தவர் அங்கேயே உட்கார்ந்து டிக் அடிப்பார். கம்ப்யூட்டர் உடனே வட்டப் படம் போடும். படம் முழுக்கப் பச்சை நிறம். மேலதிகாரிகளுக்கு மகிழ்ச்சி. எனக்கு ஒரு பாராட்டு மெயில் வந்தது. அந்தப் படம் வரவேற்பறைச் சுவரிலும் ஏறியது.

2018-இல் என் அப்பாவுக்கு அதே மாதிரி ஒரு மையத்தில் கருவி வாங்கினேன். அப்பா பள்ளிபாளையத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் தறி ஓட்டியவர். விசைத்தறிப் பட்டறைக்குள் சத்தம் சாதாரணமாக 90 டெசிபலைத் தாண்டும். அந்தச் சத்தம் முதலில் 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில்தான் காதைப் பழுதாக்கும். அதனால் "சத்தம் கேக்குது கண்ணு, பேச்சுதான் புரியறதில்ல" என்பார். உயிரெழுத்துகள் கனமாகக் கேட்கும். மெல்லிய வல்லின ஒலிகள் நழுவிவிடும். 'பத்து' என்றாலும் 'பட்டு' என்றாலும் அவருக்கு ஒன்றுதான்.

கருவி மாட்டிய அன்று அப்பா என் படிவத்தை நிரப்பினார். நான்கு கேள்விக்கும் முழு மதிப்பெண். இரண்டு மாதம் கழித்து ஊருக்குப் போனபோது கருவியைக் கம்ப்யூட்டரில் இணைத்துப் பார்த்தேன். இன்றைய கருவிகள் ஒரு நாளில் எத்தனை நேரம் இயக்கத்தில் இருந்தன என்று தாமே குறித்து வைத்துக்கொள்ளும். அப்பாவின் கணக்கு, நாளொன்றுக்கு சராசரி 40 நிமிடம். மீதி நேரம் அது பீரோவில், வந்த டப்பாவிலேயே இருந்திருக்கிறது.

"ஏங்கப்பா, ரொம்பத் திருப்தின்னு எழுதினீங்களே?" என்று கேட்டேன்.

"அந்தப் பொண்ணு ஒரு மணி நேரம் பொறுமையா உக்காந்து மாட்டி உட்டுச்சு. அது முன்னாடியே நல்லா இல்லைன்னு எப்படிக் கண்ணு எழுதறது? நீயும் அந்த வேலைதான் பாக்குற. நாப்பதாயிரம் போட்டு வாங்கிக் குடுத்துட்ட. நல்லா இல்லைன்னா உனக்குச் சங்கடமா இருக்காதா?"

எனக்குப் பேச்சு வரவில்லை. சுவரில் தொங்கிய பச்சை வட்டத்தில் இப்படி எத்தனை அப்பாக்கள் இருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். அவர்கள் வீட்டு பீரோவில் எத்தனை டப்பாக்கள்?

பெரியவர்கள் ஏற்கெனவே செய்தது

அதற்குப் பிறகுதான் புத்தியாகப் படிக்க ஆரம்பித்தேன். நான் இரண்டு நாளில் செய்த வேலையை மற்றவர்கள் நாற்பது வருஷமாகச் செய்துகொண்டிருந்தார்கள். இன்ஜினியர்களுக்கே உள்ள வியாதி இது. அடுத்த துறையில் ஏற்கெனவே ஆள் இருக்கிறார்களா என்று பார்க்கமாட்டோம்.

1982-இல் அமெரிக்காவில் இரா வென்ட்ரி, பார்பரா வைன்ஸ்டீன் இருவரும் முதியோருக்காக 25 கேள்விகள் கொண்ட ஒரு தாளை வெளியிட்டார்கள். 'ஆம்' என்றால் 4, 'சில சமயம்' என்றால் 2, 'இல்லை' என்றால் 0. மொத்தம் 100. அதில் காது எவ்வளவு கேட்கிறது என்ற கேள்வியைவிட, கேளாமை வாழ்க்கையை என்ன செய்கிறது என்ற கேள்வியே பெரிது. புதியவர்களைச் சந்திக்கக் கூச்சமா, வீட்டில் சண்டை வருகிறதா, விருந்தாளி வீட்டுக்குப் போவதைத் தவிர்க்கிறீர்களா என்று கேட்கிறது. ஒரே மாதிரி ஆடியோகிராம் உள்ள இரண்டு பேர் இதில் வேறு வேறு மதிப்பெண் வாங்குவார்கள். தினமும் சபையில் பேசுகிறவருக்கும், திண்ணையில் தனியாக உட்கார்ந்திருப்பவருக்கும் ஒரே டெசிபல் இழப்பு ஒரே கஷ்டம் ஆகாது.

1995-இல் மெம்ஃபிஸ் பல்கலைக்கழகத்தின் ராபின் காக்ஸும் ஜெனிவீவ் அலெக்சாண்டரும் 'ஏஃபாப்' என்ற தாளைக் கொண்டுவந்தார்கள். 24 கேள்விகள், நான்கு பகுதிகள். அமைதியான இடத்தில் பேச்சு, எதிரொலிக்கும் கூடத்தில் பேச்சு, இரைச்சலில் பேச்சு, நான்காவதாகத் திடீர்ச் சத்தங்கள் தரும் எரிச்சல். ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு பதில். கருவி இல்லாமல் எப்படி, கருவியோடு எப்படி? இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பயன். இதில் ஒரு சுவாரசியம். முதல் மூன்று பகுதிகளில் முன்னேற்றம் தெரிந்தாலும், நான்காவதில் பெரும்பாலும் நிலைமை மோசமாகும். கருவி எல்லாச் சத்தத்தையும் கூட்டுகிறதல்லவா? அதனால் நான்கிலும் பிரமாதம் என்று ஒரு தாள் வந்தால், நிரப்பியவர் கேள்வியைப் படித்தாரா என்று ஒரு தடவை விசாரிக்க வேண்டும்.

1999-இல் அதே இருவர் திருப்திக்கென்று 15 கேள்விகளில் தனித் தாள் செய்தார்கள். ஏன் தனியாக? பயன் வேறு, திருப்தி வேறு. ஒருவருக்குக் கருவி நன்றாக உதவும். ஆனால் "செவிடன்னு ஊரே பாக்குது" என்ற கூச்சத்தால் திருப்தி இருக்காது. இன்னொருவருக்கு உதவி கொஞ்சம்தான். மாட்டிவிட்டவர் அன்பாகப் பேசியதால் திருப்தி நிறைய இருக்கும். அந்தத் தாளில் விலையைப் பற்றிய கேள்வியும் உண்டு. கருவியை இலவசமாகப் பெற்றவர்கள் அதை விட்டுவிடலாம். நம் நாட்டில் மத்திய அரசின் அடிப் திட்டத்தில் 1981 முதல் உதவிக் கருவிகள் கொடுக்கப்படுகின்றன. இலவசமாக வாங்கியவரிடம் "திருப்தியா?" என்று கேட்டால் நன்றி வரும், தகவல் வராது.

எனக்கு மிகவும் பிடித்தது ஆஸ்திரேலியாவின் தேசிய ஒலியியல் ஆய்வகத்தில் ஹார்வி டில்லன் குழுவினர் 1997-இல் வெளியிட்ட 'கோசி'. அதில் அச்சடித்த கேள்வியே கிடையாது. கருவி கொடுப்பதற்கு முன்பு நோயாளியைக் கேட்கிறார்கள்: "எந்த எந்த இடத்தில் உங்களுக்குக் கேட்க வேண்டும்?" அவர் ஐந்து வரை சொல்லலாம். முக்கியத்துவப்படி வரிசைப்படுத்துகிறார்கள். சில வாரம் கழித்து அந்த ஐந்தை மட்டும் எடுத்து, மோசமா, மாற்றமில்லையா, கொஞ்சம் பரவாயில்லையா, பரவாயில்லையா, ரொம்பப் பரவாயில்லையா என்று கேட்கிறார்கள். 1999-இல் கிளாஸ்கோவின் ஸ்டூவர்ட் கேட்ஹவுஸ் இரண்டு முறையையும் சேர்த்தார். நான்கு இடங்கள் தாளிலேயே இருக்கும். இன்னும் நான்கு வரை நோயாளி சொல்லலாம்.

2000-ஐ ஒட்டி, டென்மார்க்கின் எரிக்ஸ்ஹோமில் கூடிய பல நாட்டு ஆய்வாளர்கள் எல்லா நாட்டுக்கும் பொதுவாக ஏழே கேள்விகள் கொண்ட தாளை உருவாக்கினார்கள். முதல் கேள்வியே ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் போடுகிறீர்கள் என்பது. திருப்தியைக் கேட்கும் விதம் இன்னும் அழகு: இவ்வளவு தொந்தரவுக்கு இந்தக் கருவி தகுமா என்கிறார்கள். உங்கள் கேளாமையால் மற்றவர்கள் எவ்வளவு சிரமப்படுகிறார்கள் என்றும் ஒரு கேள்வி. அம்மாவிடம் கேட்டிருந்தால் ஒரு மணி நேரம் பதில் சொல்லியிருப்பார்.

தாளையே பரீட்சிப்பது

நோயாளியைத் தாள் பரீட்சிக்கிறது. தாளை யார் பரீட்சிப்பது? வோல்ட்மீட்டர் வாங்கினால் காலிபரேஷன் கேட்கிறோமே, அதே மாதிரி இதற்கும் உண்டு. நான் கற்றுக்கொண்டதை ஐந்தாகச் சொல்கிறேன். ப்ராஜெக்டுக்கு சர்வே எடுக்கும் தம்பி தங்கைகள் குறித்துக்கொள்ளலாம்.

ஒன்று, யார் கேட்டது, எப்போது கேட்டது? பொருத்தியவரே, பொருத்திய நிமிஷத்தில் கேட்டால் வருவது மரியாதை. சில வாரம் வீட்டில் போட்டுப் பார்த்த பிறகு, வேறொருவர் கேட்க வேண்டும்.

இரண்டு, முன்பு எவ்வளவு இருந்தது? கருவிக்கு முந்தைய நிலையைக் குறித்து வைக்காமல் பிந்தைய நிலையை மட்டும் கேட்டால் அது ஒற்றைக் கால் ஏணி.

மூன்று, வித்தியாசம் உண்மையா? அதே ஆள் அதே தாளை அடுத்த வாரம் நிரப்பினாலே மதிப்பெண் கொஞ்சம் ஆடும். 1982-இன் அந்த 25 கேள்வித் தாளில், நேரில் கேட்டு நிரப்பினால் ஏறத்தாழ 18 மதிப்பெண்ணாவது மாறினால்தான் உண்மையான மாற்றம் என்கிறார்கள். தாளைக் கொடுத்து அவரையே எழுதச் சொன்னால் 36 வேண்டும். ஒரே தாள், கேட்கும் முறை மாறினால் அளவுகோலின் துல்லியமே மாறுகிறது. நாமோ ஐந்துக்கு 4.2 போன வருஷம், 4.3 இந்த வருஷம் என்று கேக் வெட்டுகிறோம்.

நான்கு, மொழி ஒத்துவருகிறதா? ஏஃபாபின் முதல் கேள்வி, கூட்டமான மளிகைக் கடையில் காசாளரிடம் பேசுவது. பள்ளிபாளையத்துப் பெரியவருக்கு அது சந்தைக் கடையாகவோ பேருந்து கண்டக்டராகவோ இருக்க வேண்டும். அதோடு, சில கேள்விகள் வேண்டுமென்றே தலைகீழாக இருக்கும். ஒன்றில் 'எப்போதும்' என்றால் கஷ்டம். இன்னொன்றில் 'எப்போதும்' என்றால் கஷ்டமே இல்லை. கவனமாகப் படிக்க வைக்கும் ஏற்பாடுதான். ஆனால் எழுத்துக் கூட்டிப் படிக்கும் பெரியவர் இதில் தடுமாறுவார். மொழிபெயர்த்ததும் வேறொருவரை வைத்துத் திருப்பி ஆங்கிலத்துக்கு மாற்றிப் பார்க்க வேண்டும். பிறகு நாலு பெரியவர்களை உட்கார வைத்து, "இந்தக் கேள்வி உங்களுக்கு என்னன்னு புரியுதுங்க?" என்று கேட்க வேண்டும்.

ஐந்து, பதில் சொல்லாதவர்கள் எங்கே? கருவியைப் பீரோவில் வைத்தவர் மையத்துக்குத் திரும்பி வருவதில்லை. வருபவர்களை மட்டும் எண்ணினால், அரியர் வைத்தவர்களை விட்டுவிட்டு தேர்ச்சி விகிதம் போடுகிற மாதிரி.

அப்படியானால் எல்லாத் தாளும் வீண் என்று நினைக்கக் கூடாது. மனம் எவ்வளவு ஏமாறும் என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். 2003-இல் ரூத் பென்ட்லர் குழுவினர், கருவி ஒன்றாகவே இருக்க, 'டிஜிட்டல்' என்று ஒரு முறையும் 'சாதாரணம்' என்று ஒரு முறையும் பெயர் சொல்லிக் கொடுத்தார்கள். 'டிஜிட்டல்' என்ற பெயருக்கே மதிப்பு கூடியது. 2013-இல் பியர்ஸ் டாஸ் குழுவினர், ஒலியில் வித்தியாசமே இல்லாத இரண்டில் ஒன்றைப் 'புதியது' என்றார்கள். இரைச்சலில் பேச்சைக் கேட்கும் சோதனையில்கூட 'புதியது' ஜெயித்தது. ஆனால் 2017-இல் இண்டியானா பல்கலைக்கழகத்தின் லாரி ஹியூம்ஸ் குழு, ஒரு பிரிவினருக்கு ஒலியைக் கூட்டாத கருவியை, அவர்களுக்குத் தெரியாமல் கொடுத்து ஒப்பிட்டது. முறையாகப் பொருத்தியவர்கள் தெளிவாக அதிகப் பயன் சொன்னார்கள். ஒழுங்காகச் செய்த கேள்வித்தாள், நிஜக் கருவியையும் பொம்மைக் கருவியையும் பிரித்துக் காட்டிவிட்டது.

அப்பாவின் ஐந்து வரி

மறுபடி ஊருக்குப் போனேன். வேறொரு ஊரில் உள்ள ஆடியாலஜிஸ்ட் அம்மையாரிடம் அப்பாவைக் கூட்டிப் போனேன். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். மகன் பக்கத்தில் இருந்தால் அப்பா என் சங்கடத்தைப் பார்ப்பார், தன் காதைப் பார்க்க மாட்டார். அவர் சொன்ன ஐந்தைப் பிறகு காட்டினார்கள்.

1. பேத்தி போனில் பேசுவது புரிய வேண்டும்.
2. சமையலறையிலிருந்து வீட்டுக்காரி கூப்பிடுவது கேட்க வேண்டும்.
3. பேங்க்கில் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவர் சொல்வது புரிய வேண்டும்.
4. டீக்கடையில் நாலு பேர் பேசும்போது கலந்துகொள்ள வேண்டும்.
5. பட்டறையில் எந்தத் தறி நின்றது என்று முன்பெல்லாம் காதாலேயே தெரியும். அது மறுபடி தெரிய வேண்டும்.

ஐந்தாவதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. முப்பது வருஷம் இருபது தறிக்கு நடுவில் நின்றுகொண்டு, நூல் அறுந்து ஒரு தறி நின்றால் முதுகைத் திருப்பாமலே சொல்லும் மனிதர் அவர். அவருக்குப் போனது காது மட்டுமல்ல, தொழில் கர்வமும் என்பது என் நான்கு கேள்வியில் எந்தக் கட்டத்தில் வரும்?

அந்த அம்மையார் நேர்மையாகச் சொல்லிவிட்டார். "ஐயா, அஞ்சாவது இந்த மிஷினால ஆகாதுங்க. பட்டறைக்குள்ள இதைக் கழட்டிடுங்க. காதுக்குப் பாதுகாப்பு போட்டுட்டுத்தான் போகணும்." முதல் முறை ஏன் கழற்றி வைத்தார் என்றும் விசாரித்தார். "என் பேச்சே பானைக்குள்ள தலைய உட்டுப் பேசற மாதிரி இருந்துச்சுங்க" என்றாராம். காதை முழுக்க அடைத்தால் வரும் கோளாறு அது. மோல்டில் காற்றுத் துளையைப் பெரிதாக்கினார். பத்து நிமிஷ வேலை. யாரும் கேட்காததால் இரண்டு மாதம் பீரோவில் கிடந்தது.

எட்டு வாரம் கழித்து முடிவு வந்தது. போன், ரொம்பப் பரவாயில்லை. சமையலறை, பரவாயில்லை. பேங்க், கொஞ்சம் பரவாயில்லை. டீக்கடை, மாற்றமில்லை. சத்தம் முதுகுப் பக்கம் வருகிற மாதிரி உட்காரச் சொன்னார்கள். உபயோக நேரம் நாளுக்கு 4 மணியைத் தாண்டியது. பட்டறை நேரத்தில் கழற்றி வைப்பதால் அதற்கு மேல் ஏறவில்லை. அது குறையும் இல்லை. மணிக்கணக்கை மட்டும் பார்த்தாலும் தப்புக் கணக்குதான் வரும். "திருப்தியாங்கப்பா?" என்று கேட்டேன். "அஞ்சுல மூணு தேறிருச்சு. பாஸ்தானே?" என்றார். அவர் எனக்குக் கொடுத்த முதல் உண்மையான மதிப்பெண் அது.

அலுவலகத்தில் போய், சுவரில் இருக்கும் படம் என் தப்பு, எடுத்துவிடலாம் என்று சொன்னேன். உடனே எடுக்கவில்லை. "நல்லாத்தானே இருக்கு" என்றார்கள். ஒரு வருஷம் வாதாடி, கருவிக்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை, வேறு ஆள் கேட்பது என்று மாற்ற முடிந்தது. பச்சை குறைந்தது. டப்பாவை எடுத்துக்கொண்டு, "சரியில்லைங்க, பாருங்க" என்று திரும்பி வருகிறவர்கள் அதிகமானார்கள். அதைத் தோல்வி என்று முதலில் நினைத்தார்கள். நான் அதைத்தான் வெற்றி என்று நினைக்கிறேன்.

முடிக்கிறேன். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2021 அறிக்கைப்படி, காது கேளாமைக்கு உதவி தேவைப்படுவோர் 43 கோடிப் பேர். அவர்களில் நம் அப்பா, அம்மா, மாமனார், மாமியார் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கருவி வாங்கித் தாருங்கள். வாங்கித் தந்த கையோடு, "நல்லா இருக்குதுங்களா?" என்று கேட்காதீர்கள். "எங்கே கேட்கணும்னு ஆசைப்படறீங்க?" என்று முதலில் கேளுங்கள். இரண்டு மாதம் கழித்து, அந்த இடத்தைப் பெயர் சொல்லி மறுபடி கேளுங்கள். படிவத்தை அவர்களுக்குப் பதிலாக நீங்கள் நிரப்பாதீர்கள்.

தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. செமஸ்டர் கடைசியில் உங்களிடமும் ஆசிரியர் பற்றிய கருத்துப் படிவம் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டுவிட்டுக் கேன்டீனுக்கு ஓடாதீர்கள். சாரும் மேடமும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். எங்கே புரியவில்லை என்று எழுதினால் அடுத்த வருஷத்துப் பிள்ளைகளுக்குப் புரியும்.

அன்று "புரிஞ்சுது சார்" என்று சொன்ன அறுபது பேரில் நானும் ஒருவன். சார் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். சார், ஃபோரியர் டிரான்ஸ்ஃபார்ம் அன்னைக்குப் புரியலைங்க சார். வேலைக்குப் போன பிறகுதான் புரிஞ்சுது. இவ்வளவு லேட்டாகச் சொல்வதற்கு மன்னிக்கணும்.